ஆபரேஷன் பில்லு கட்டியாச்சு... அடுத்த 14 நாளுக்கு பட்ஜெட் போட்டீங்களா?

எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி பேசும்போதெல்லாம் நாம வேலை போறது, அப்பா அம்மாவோட ஆஸ்பத்திரிச் செலவு, பைக் ரிப்பேர் இதைத்தான் சொல்லுவோம். வீட்ல நாய் வளர்க்கிறவங்க லிஸ்ட்ல இன்னொண்ணு இருக்கணும். அது நாயோட வயித்து ஆபரேஷன். எனக்கு இது புரிய ஒரு திங்கட்கிழமை தேவைப்பட்டுச்சு.

எங்க வீட்டு லட்டுவுக்கு ஆறு வயசு. 16 கிலோ நாட்டு நாய், கருத்தடை பண்ணாத பொட்டை. சனிக்கிழமை ரெண்டு கிண்ணம் தண்ணி கூடுதலா குடிச்சா, வெயில்னு நினைச்சேன். ஞாயிறு சாப்பிடல, வாந்தி. திங்கள் காலைல ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் சொன்னாங்க, "பயோமெட்ரா, கருப்பைக்குள்ள சீழ் கட்டியிருக்கு. இன்னிக்கே எடுத்தாகணும்."

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன், ஒரு ராத்திரி டிரிப்ஸோட படுக்கை, மருந்து எல்லாம் சேர்த்து 31,200 ரூபாய். கையில 20,000 இருந்துச்சு, மீதி 11,200-ஐ கார்டுல தேச்சேன். அதோட கதை முடிஞ்சதுன்னு நினைச்சேன். முடியல. நாலாவது நாள் ஆரம்பிச்ச ரெண்டாவது செலவு முழுக்க என் தப்பால வந்தது, அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

லீவை எப்ப போடணும்?

முதல்ல இதைச் சொல்லிடறேன், ஏன்னா சம்பளக்காரங்க எல்லாரும் இங்கதான் கோட்டை விடறோம்.

ஆபரேஷன் நாள், அடுத்த நாள், அதுக்கு அடுத்த நாள்னு நான் மூணு கேஷுவல் லீவையும் தொடர்ச்சியா போட்டேன். செவ்வாய் மதியம் லட்டு வீட்டுக்கு வந்தா. மயக்க மருந்தோட மிச்சமும் வலி மருந்தும் சேர்ந்து அன்னிக்கும் புதன் முழுக்கவும் தூங்கிக்கிட்டே இருந்தா. நான் பக்கத்துல உக்காந்து போன் பாத்துக்கிட்டு இருந்தேன். வியாழக்கிழமை, அதாவது நாலாவது நாள், அவ எழுந்து வால் ஆட்டினா. "ஆஹா, சரியாயிட்டா" அப்படின்னு நான் ஆபீஸ் கிளம்பிட்டேன்.

நாய் தெம்பா தெரியுற நாள்தான் தையலுக்கு ஆபத்தான நாள். வலி குறைஞ்சிருக்கும், பசி வந்திருக்கும், தையல் போட்ட இடம் ஆற ஆரம்பிச்சு அரிக்கும். ஆனா உள்ளே எதுவும் சேர்ந்திருக்காது. அன்னிக்கு மதியம் அம்மா போன் பண்ணாங்க. "அந்தப் புனலை மாட்டிக்கிட்டு சோறு கூட திங்க முடியல பாவம். கொஞ்ச நேரம் கழட்டி விடட்டுமாடா?" மீட்டிங்ல இருந்தேன். சரிம்மான்னு சொல்லிட்டேன். அம்மா அடுப்படிக்குப் போய் வந்த இருபது நிமிஷத்துல லட்டு மூணு தையலைப் பிரிச்சு வெச்சிருந்தா.

மறுபடி மயக்கம் கொடுத்து சுத்தம் பண்ணி தச்சதுக்கு மருந்தோட 11,400. ஆட்டோ 900. கேஷுவல் லீவ் தீர்ந்துட்டதால வெள்ளியும் திங்களும் எல்ஓபி. என் சம்பளக் கணக்குல நாளைக்கு 1,200, ஆக 2,400. மொத்தம் 14,700 ரூபாய். நல்ல வேளை, உள் அடுக்குத் தையல் தப்பிச்சது. அதுவும் பிரிஞ்சிருந்தா குடல் வெளிய வந்திருக்கும், அப்போ பேச்சு பணத்தைப் பத்தி இருந்திருக்காது.

அதனால லீவு கொஞ்சமா இருந்தா இப்படிப் பிரிச்சு வையுங்க. முதல் ராத்திரிக்கும் அடுத்த நாளுக்கும் ஆள் கட்டாயம் வேணும். மூணாவது நாள் வொர்க் ஃப்ரம் ஹோம் போதும், நாய் காலடியில தூங்கும். நாலுல இருந்து ஏழாவது நாள் வரைக்கும் முழுசா கண் வைக்கிற ஆள் வேணும், லீவை அங்க வையுங்க. கருத்தடை மாதிரி நாமளே தேதி குறிக்கிற ஆபரேஷன்னா புதன்கிழமை கேளுங்க. வியாழன் லீவு, வெள்ளி வீட்ல இருந்து வேலை, நாலாவது அஞ்சாவது நாள் சனி ஞாயிறுல விழும். திங்கள் செவ்வாய் ரெண்டு லீவு போட்டா பெரிய கண்டம் தாண்டிடும். மேனேஜர்கிட்ட என்ன காரணம் சொல்றதுன்னு கேக்காதீங்க. நான் உண்மையைத்தான் சொன்னேன், அவர் வீட்லயும் ஒரு லேப்ரடார் இருக்காம்.

குடலைத் திறந்து பண்ற ஆபரேஷன்னா இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். நம்ம ஊர்ல மே, ஜூன் வந்தா மாங்கொட்டை முழுங்கின நாய்கள் வரும், சோளக்கட்டை முழுங்கினது வரும். அப்படிக் குடலை வெட்டித் தச்ச இடம் கசியறதா இருந்தா பெரும்பாலும் மூணாவது நாள்ல இருந்து அஞ்சாவது நாளுக்குள்ளதான் கசியும். அப்ப வீட்ல ஆள் இல்லாம சாயங்காலம் வந்து பாத்தா ரொம்ப லேட் ஆகியிருக்கும்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த முதல் ராத்திரி

எங்க வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தையல் போட்ட நாயை முன்னங்கால் அக்குள்ல கை குடுத்துத் தூக்கினா வயித்துத் தோல் இழுபடும். ஒரு கை மார்புக்கு அடியில, இன்னொரு கை பின்தொடைக்குப் பின்னால வெச்சு, வயித்துல அழுத்தம் படாம தூக்கணும். கனமான நாய்னா ரெண்டு பேர் சேர்ந்து தடிமனான பெட்ஷீட்ல வெச்சுத் தூக்குங்க. கட்டில், சோபா எதுலயும் படுக்க விடாதீங்க, குதிச்சு இறங்கும். தரையில பழைய போர்வை போதும். மயக்க மருந்துக்கு அப்புறம் உடம்பு சில்லுன்னு ஆகும், அதனால ஏசிக்கும் ஃபேனுக்கும் நேரா படுக்க வைக்காதீங்க.

அன்னிக்கு ராத்திரி முனகும், நடுங்கும், தடுமாறும். பெரும்பாலும் மயக்க மருந்தோட வேலை. தண்ணியை ஒரே நேரத்துல கிண்ணம் நிறைய வைக்காம கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. சாப்பாடு வழக்கமா குடுக்கிறதுல கால் பங்குல இருந்து பாதிக்குள்ள. ஒரு தடவை வாந்தி எடுத்தா பயப்பட வேணாம், திரும்பத் திரும்ப எடுத்தா டாக்டருக்குப் போன் அடிங்க. ரெண்டு மூணு நாள் மலம் போகலேன்னாலும் கவலைப்படாதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி, அப்புறம் அரை வயிறு, உள்ள ஒண்ணும் இருக்காது. ஒண்ணுக்கு மட்டும் போகணும். ஒரு நாள் முழுக்க போகலேன்னா சொல்லியே ஆகணும்.

அடுத்த நாள்ல இருந்து குழைய வேகவெச்ச சோறு, எலும்பில்லாத சிக்கன், உப்பும் மசாலாவும் இல்லாம, நாலு வேளையா பிரிச்சு. வெங்காயம், பூண்டு விழுந்த குழம்பு வேண்டவே வேண்டாம், அது எந்த நாளுமே நாய்க்கு ஆகாது. குடல் ஆபரேஷன்னா டாக்டர் எழுதிக் குடுக்கிற உணவுதான், அதுல நம்ம அறிவைக் காட்டக் கூடாது.

மாத்திரையில மிச்சம் பிடிக்காதீங்க

"வலி மாத்திரைதானே, வீட்ல இருக்கே" அப்படிங்கிற யோசனை நமக்கு ரொம்ப சுலபமா வரும். மனுஷங்க சாப்பிடற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாயோட வயித்தைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் எழுதினதும் மெலாக்சிகாம்தான், மெடிக்கல்ல கிடைக்கிறதும் மெலாக்சிகாம்தான்னு ஒருத்தர் கேக்கலாம். 15 கிலோ நாய்க்கு வழக்கமான தினசரி அளவு 1.5 மில்லிகிராம் அளவுலதான் வரும். மனுஷ மாத்திரை 7.5 அல்லது 15. பேர் ஒண்ணு, அளவு அஞ்சு மடங்கு, பத்து மடங்கு. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் சிறுநீரகத்துக்குச் செலவு பண்ண வேண்டியிருக்கும்.

வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க. தார் மாதிரி கருப்பா மலம் போனா உடனே நிறுத்திட்டு போன் பண்ணுங்க. ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தா நாய் ஓட ஆரம்பிச்சாலும் கோர்ஸை முடிங்க.

அப்புறம் மஞ்சள். எங்க பக்கத்து வீட்டு அக்கா அன்போட மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுக் கொண்டு வந்தாங்க. வாங்கி வெச்சுக்கிட்டேன், தடவல. தையல் காயத்து மேல மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர், டெட்டால் எதுவும் வேணாம். ஈரமும் பிசுபிசுப்பும் இருந்தா ஈ மொய்க்கும், ஈ உக்காந்தா நம்ம வெயிலுக்கு புழு வைக்க ரொம்ப நேரம் ஆகாது. காயம் உலர்ந்து இருக்கட்டும். தையல் பிரிக்கிற வரைக்கும் குளிப்பாட்டாதீங்க. "நாய் நக்கினாலே புண்ணு ஆறிடும்"ங்கிறது இன்னொரு பேச்சு. நாக்கு சொரசொரன்னு இருக்கும், வாய் முழுக்க கிருமி. நக்கினா தையல் ஊறி விட்டுடும், அவ்வளவுதான்.

ஒரு கோன், ஒரு தெர்மாமீட்டர், ஒரு போன்

இதுக்கு நான் செலவு பண்ணது ஆயிரம் ரூபாய்க்குள்ள. முதல்லயே ஒழுங்கா பண்ணியிருந்தா 14,700 மிச்சம்.

கோன் மூக்கைத் தாண்டி ரெண்டு விரல் நீளமா இருக்கணும், இல்லேன்னா வளைஞ்சு எட்டிடும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். 24 மணி நேரமும், தையல் பிரிக்கிற வரைக்கும், அதாவது 10 முதல் 14 நாள். முதல் நாள் சுவத்துல இடிச்சுக்கும், நமக்கு மனசு கேக்காது. ரெண்டாவது நாள் பழகிடும். சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒரு சின்ன ஸ்டூல் மேல வெச்சா கோனோடயே சாப்பிட முடியும். அம்மாவோட பிரச்சினைக்குத் தீர்வு அந்த ஸ்டூல்தான், எனக்குத்தான் வியாழக்கிழமைக்கு முன்னாடி தோணல. கழட்டியே ஆகணும்னா உங்க கை நாய் மேல இருக்கிறப்ப மட்டும்.

தினமும் காலையும் ராத்திரியும் காயத்தைப் பாருங்க. ஒரே வெளிச்சத்துல, ஒரே தூரத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க. லேசான சிவப்பு, கொஞ்சம் வீக்கம் முதல் சில நாள் சகஜம். நேத்தைய போட்டோவை விட இன்னிக்கு மோசமா தெரியுதா, அதுதான் கேள்வி. போட்டோ வரிசையா இருந்தா டாக்டருக்கும் வாட்ஸ்அப்லயே பாதி விஷயம் புரிஞ்சிடும், தேவையில்லாத ஆட்டோவும் கன்சல்டேஷனும் மிச்சம். ஆனா சீழ், கெட்ட வாடை, சொட்டுற ரத்தம், வாய் பிளந்த காயம், தையல் பக்கத்துல திடீர்னு கொழகொழன்னு ஒரு புடைப்பு இதெல்லாம் இருந்தா போட்டோ அனுப்பி பதிலுக்குக் காத்திருக்காதீங்க, கிளம்புங்க.

தெர்மாமீட்டரை ஆசனவாயில கொஞ்சம் வாசலின் தடவி வெச்சுப் பாக்கணும். நாய்க்கு 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் சாதாரணம். 103-ஐத் தாண்டினா டாக்டர். (அந்தத் தெர்மாமீட்டர் மேல மார்க்கர்ல "லட்டு"ன்னு எழுதி வெச்சிருக்கேன். காரணம் சொல்ல வேண்டியதில்ல.) ஈறையும் பாருங்க. விரலால அழுத்தி எடுத்தா வெளுத்து, ரெண்டு செகண்டுக்குள்ள மறுபடி ரோஸ் கலர் வரணும். ஈறு வெளிறிப் போய் நாய் துவண்டு கிடந்தா உள்ள ரத்தம் கசியலாம். அது நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். அதனால ராத்திரி திறந்திருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு பகல்லயே விசாரிச்சு வைங்க.

வெளிய கூட்டிட்டுப் போறது ஒண்ணுக்கு ரெண்டுக்கு மட்டும், சங்கிலியோட, அஞ்சு பத்து நிமிஷம். தோல் பத்து நாள்ல ஒட்டிடும், பாக்க சூப்பரா இருக்கும். உள்ள வயித்தைத் தாங்கிப் பிடிக்கிற சவ்வு அவ்வளவு வேகமா பலம் பிடிக்காது. மூணாவது வாரத்துல கூட பழைய பலத்துல ஒரு சின்னப் பங்குதான் வந்திருக்கும். அதனால தையல் பிரிச்ச அன்னிக்கே பந்து எறிஞ்சு விளையாடாதீங்க.

பணத்துக்கு வருவோம்

ஆபரேஷனுக்கு முன்னாடி, எவ்வளவு அவசரமா இருந்தாலும், ஒரு பேப்பர்ல எஸ்டிமேட் கேளுங்க. குறைஞ்சது எவ்வளவு, சிக்கல் வந்தா அதிகபட்சம் எவ்வளவுன்னு ரெண்டு நம்பர். கோன், மறுபரிசோதனை, தையல் பிரிக்கிறது இதெல்லாம் உள்ள சேர்ந்ததா, தனியான்னு கேளுங்க. முதல் தடவை நான் கேக்கல, பதட்டத்துல எழுதின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பில்லு வந்ததும் ஒரு விஷயம் பாருங்க. கால்நடை கிளினிக்கோட சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மருந்து, உணவு மாதிரி பொருளுக்கு வரி வரும், ஆபரேஷன் சார்ஜுக்கு வரி போட்டிருந்தா மரியாதையா கேளுங்க.

காசு முடியாதுன்னா அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கு. சென்னை வேப்பேரியில இருக்கிறது 1903-ல தொடங்கின கல்லூரி. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடுலயும் கல்லூரிகள் உண்டு. தனியாரோட ஒப்பிட்டா கட்டணம் ரொம்பக் கம்மி, அனுபவமுள்ள சர்ஜன்கள். கூட்டம் இருக்கும், ஒரு நாள் முழுசா ஒதுக்கணும், வீட்டுக்கு வந்த பிறகு பாத்துக்கிற பொறுப்பு உங்களோடது. இந்தப் பதிவுல சொன்ன 14 நாள் எங்க ஆபரேஷன் பண்ணாலும் ஒண்ணுதான்.

கார்டுல தேச்சா மினிமம் டியூ கட்டிட்டு விட்டுடாதீங்க. என்னோட 11,200-க்கு மாசம் 3.5 சதவீத வட்டின்னா 392, அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 460 ரூபாய் ஒரு மாசத்துக்கு. அதோட அந்த பாக்கி தீர்ற வரைக்கும் கார்டுல வாங்குற பாலுக்கும் பெட்ரோலுக்கும் வட்டி ஓடும். நான் ஆபீஸ்ல சம்பள அட்வான்ஸ் கேட்டு அடைச்சேன். கேக்க கூச்சமாத்தான் இருந்துச்சு, வட்டி இல்லையே. லோன் ஆப் பக்கம் மட்டும் போகாதீங்க.

கம்பெனி மெடிக்ளெய்ம்ல நாய் வராது. வருமான வரியில மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவும் நாய்க்குக் கிடையாது. செல்லப்பிராணி இன்சூரன்ஸ் நம்ம ஊர்லயும் விக்கிறாங்க, ஆனா வயசு வரம்பு, காத்திருப்புக் காலம், ஏற்கனவே இருக்கிற நோய் இந்த மூணு பக்கத்தையும் படிச்சுட்டு வாங்குங்க. நோய் வந்த பிறகு யாரும் தர மாட்டாங்க. ஆறு வயசு லட்டுவுக்கு நான் பாலிசி எடுக்கல, மாசம் 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போட்டேன். மூணு வருஷத்துல 36,000 பிளஸ் வட்டி. குட்டி நாய் வெச்சிருக்கிறவங்க ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கலாம்.

பொட்டை நாய் வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு கணக்கும் சொல்லணும். கருத்தடை பண்ணாத நாய்க்குத்தான் பெரும்பாலும் பயோமெட்ரா வரும், வழக்கமா ஹீட் முடிஞ்ச சில வாரத்துல. ஸ்வீடன்ல நாய் இன்சூரன்ஸ் ரொம்பப் பரவலா இருக்கு, கருத்தடை பண்றது கம்மி. அங்க காப்பீட்டுப் பதிவுகளை வெச்சுப் பாத்ததுல, பத்து வயசுக்குள்ள நாலுல ஒரு பொட்டை நாய்க்கு இது வந்திருக்கு. நல்ல உடம்பா இருக்கிறப்ப, நாம குறிச்ச புதன்கிழமையில பண்ற கருத்தடையும், சீழ் கட்டின கருப்பையை அவசரமா எடுக்கிறதும் ஒரே உறுப்புல பண்ற ரெண்டு ஆபரேஷன். செலவும் ஆபத்தும் ஒண்ணே இல்ல. எந்த வயசுல பண்ணலாம்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அதிகமா தண்ணி குடிக்கிறது, சோர்வு, பின்பக்கம் கசிவு இதைப் பாத்தா வெயில்னு நினைக்காதீங்க. கசிவே இல்லாமலும் வரும், அதுதான் இன்னும் ஆபத்து. லட்டுவுக்கு வந்தது அந்த வகை.

ரெண்டாவது தையலுக்கு அப்புறம் எங்க கணக்கு மறுபடியும் முதல் நாள்ல இருந்து ஆரம்பிச்சது. இந்தத் தடவை எஸ்டிமேட்டை எழுதி வாங்கினேன். ஸ்டூல் வந்தது, கோன் ஒரு சைஸ் பெருசாச்சு, நான் ஆபீஸ் போற நாள்ல பகல்ல யார் பாக்கிறதுன்னு ஃப்ரிட்ஜ்ல ஒரு டைம்டேபிள் ஒட்டினோம். அம்மா காலை, பக்கத்து வீட்டு அக்கா மதியம், நான் சாயங்காலம். பன்னிரண்டாவது நாள் தையல் பிரிச்சாங்க. அதுக்குக் காசு கேக்கல, எஸ்டிமேட் பேப்பர்ல "தையல் பிரித்தல் உட்பட" அப்படின்னு எழுதி இருந்துச்சு.